சீட்டு இல்லையா, சிறை: அடிமைக்கால அமெரிக்காவில் சுதந்திரக் கறுப்பர்கள்

வாசகர் கேள்வி, ஜூன் 9

அடிமை முறை இருந்த காலத்திலேயே அமெரிக்காவில் அடிமையாக இல்லாத கறுப்பர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்று படித்தேன். அவர்கள் அரசிடம் பெயரைப் பதிந்து ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம். சீட்டு இல்லாவிட்டால் சிறை. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அந்தச் சீட்டு அவர்களுக்குப் பாதுகாப்புதானே? கையில் ஆதாரம் இருந்தால் அடிமை என்று சொல்லி யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. சில்லறைக் காசு கட்டிப் பதியாமல் இருந்துவிட்டுச் சிறைக்குப் போனவர்கள் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறதல்லவா? அண்ணா, நீங்கள் இதைப் பற்றி நிறையப் படிப்பவர், சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

தம்பி, நீங்கள் சொன்ன வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சீட்டு இல்லாத கறுப்பரை அடிமை என்று பிடிக்கலாம் என்ற விதி முதலில் இருந்தது. அந்த விதி இருந்ததால்தான் சீட்டே தேவைப்பட்டது. வெள்ளைக்காரர் தெருவில் நடந்தால் அவர் சுதந்திரமானவர் என்று சட்டம் எடுத்துக்கொண்டது. கறுப்பர் நடந்தால் எங்கிருந்தோ ஓடிவந்த அடிமை என்று எடுத்துக்கொண்டது. அடிமை என்று குற்றம் சாட்டுகிறவன் எதையும் காட்ட வேண்டாம். இல்லை என்று மறுக்கிறவர் காட்ட வேண்டும், அதுவும் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு.

வர்ஜீனியா 1793இல் இந்தப் பதிவை எழுத்தில் கொண்டுவந்தது. நகரத்தில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிறகு கிராமப் பகுதிகளுக்கும் வந்தது, அங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. கட்டணம் 25 சென்ட். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் உள்ளே. சிறைச் செலவைக் கட்ட முடியாவிட்டால், அந்தச் செலவு அடையும் வரை ஆளைக் கூலிக்கு விடுவார்கள்.

கூலிக்கு விட்டதோடு எல்லா இடத்திலும் நின்றுவிடவில்லை. தலைநகரிலேயே ஆளை விற்றார்கள். அதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 10, காலை

அதற்கு முன் அந்தப் பதிவேடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நான் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறேன். பக்கத்து ஊர் நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்று தனி அறை உண்டு. மைக்ரோபிலிமில் இந்தப் பதிவேடுகளைப் பார்க்கலாம்.

ஒரு பதிவு நாலைந்து வரிதான் இருக்கும். எண், பெயர், வயது, தோலின் நிறம். அப்புறம் உயரம். அடி, அங்குலம் என்று நிற்காமல் அரை அங்குலம், கால் அங்குலம் வரை எழுதியிருப்பார்கள். அடுத்து முகம், தலை, கைகளில் உள்ள வடுக்கள். இன்ன கண்ணுக்கு மேலே ஒரு தழும்பு, இன்ன கையின் விரல் வளைந்திருக்கிறது, முன்கையில் தீக்காயம். கடைசியில் இவர் பிறவியிலேயே சுதந்திரரா, அல்லது எந்தக் கோர்ட்டில் யாரால் விடுவிக்கப்பட்டவர் என்று ஒரு வரி.

ஒரு பெண் இந்தச் சீட்டுக்காகக் கோர்ட் கிளார்க் முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அவர் உயரம் அளப்பார். முகத்தைத் திருப்பச் சொல்வார். கையை நீட்டச் சொல்வார். தழும்பு எங்கே என்று தேடுவார். அவள் பிறந்ததிலிருந்து யாருக்கும் அடிமையாக இருந்ததே இல்லை. ஆனாலும் சந்தையில் அடிமையைப் பார்ப்பது போலவே பார்த்துத்தான் அவள் அடிமை இல்லை என்று எழுதித் தருகிறார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் போக வேண்டும்.

சில்லறைக் காசு என்று எழுதியிருந்தீர்கள். காசு மட்டும்தான் என்றால் இத்தனை பேர் பதியாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 10, இரவு

கில்பர்ட் ஹார்ட்டன். இந்தப் பெயரைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1826 ஜூலை. நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்த இளைஞர். மாசிடோனியன் என்ற போர்க்கப்பலில் வேலை பார்த்துவிட்டு வாஷிங்டனுக்கு வந்திருக்கிறார். கையில் சீட்டு இல்லை. ஓடிவந்த அடிமை என்று சந்தேகித்துப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் நேஷனல் இன்டெலிஜென்சர் பத்திரிகையில், சிறைக்குப் பொறுப்பான அரசு அதிகாரியான மார்ஷலின் அலுவலக விளம்பரம் வந்தது.

அந்த விளம்பரம் முழுவதையும் படித்திருக்கிறேன். தார் பூசிய தொப்பி, லினன் சட்டை, நீலத் துணியில் மேல்சட்டையும் கால்சட்டையும் என்று அவர் உடையை வரிசையாகச் சொல்கிறது. தான் நியூயார்க்கில் சுதந்திரமாகப் பிறந்ததாக அவரே சொல்கிறார் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் முக்கியமான வரி வருகிறது. இவருக்கு உரிமையாளர் யாராவது இருந்தால் வந்து நிரூபித்து அழைத்துப் போகலாம், இல்லையென்றால் சிறைச் செலவுக்கும் மற்றச் செலவுக்கும் சட்டப்படி விற்கப்படுவார்.

இதை நிதானமாகப் படியுங்கள். உரிமையாளர் வந்தால் அவர் அடிமை. யாருமே வராவிட்டால்? யாரும் வராததே அவர் சுதந்திரர் என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் அப்போதுதான் அவரை விற்கிறார்கள். பிடித்தது அரசு, பூட்டியது அரசு, சோறு போட்டதாகக் கணக்கு எழுதியது அரசு. அந்தக் கணக்கைத் தீர்க்க அவரையே ஏலத்தில் விடுவதும் அரசு. எந்த முதலாளியும் இல்லாத மனிதருக்கு அரசே ஒரு முதலாளியைத் தேடிக் கொடுத்தது.

ஹார்ட்டனுக்கு ஒரு அதிர்ஷ்டம். அந்த விளம்பரம் அவருடைய சொந்த மாவட்டமான வெஸ்ட்செஸ்டரில் இருந்தவர்கள் கண்ணில் பட்டது. அங்கே பொதுக்கூட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதி ஜான் ஜேயின் மகன் வில்லியம் ஜே இதில் முன்னின்றார். ஆளுநர் டிவிட் கிளின்டன் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸுக்கே கடிதம் எழுதினார். ஹார்ட்டன் விடுதலையானார்.

ஜூன் 11

"அப்படியென்றால் முறையிட்டால் நியாயம் கிடைத்தது என்றுதானே அர்த்தம்?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு மாநிலத்தின் ஆளுநர் நாட்டின் தலைவருக்கு எழுத வேண்டியிருந்தது. ஊரில் தெரிந்தவர்கள் கண்ணில் அந்தப் பத்திரிகை படாமல் போயிருந்தால் யார் எழுதியிருப்பார்கள்? அதே சிறையில் அதே மாதிரி கிடந்த மற்றவர்களுக்கு யார் எழுதினார்கள்?

பென்சில்வேனியாவைச் சேர்ந்த சார்ல்ஸ் மைனர் என்ற உறுப்பினர் 1829 ஜனவரியில் இதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். சிறை அதிகாரிகளிடமிருந்தே கணக்கு வாங்கி வைத்துக்கொண்டு பேசினார். அதில் ஒருவர் கதை மட்டும் போதும். 1821 ஆகஸ்டில் ஓடிவந்த அடிமை என்று ஒரு கறுப்பரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1822 அக்டோபர் வரை உள்ளே. 405 நாள். பூச்சியும் நோயும் துன்பமும் சேர்ந்து அவர் கை கால்கள் செயலற்றுப் போயின. ஆயுளுக்கும் முடமானார். வாங்க ஆள் இல்லை என்பதால் கடைசியில் வெளியே விட்டார்கள்.

அவருக்குப் பெயர் இருந்திருக்கும். அந்தப் பேச்சில் அது இல்லை.

ஜூன் 11, இரவு

ஹார்ட்டன் விஷயத்தில் நாடாளுமன்றம் என்ன செய்தது என்று எழுதாமல் விட்டேன். நியூயார்க்கின் ஏரன் வார்டு 1826 டிசம்பரில் விசாரணை கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். தலைநகரப் பகுதிக்கான குழு 1827 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதன் சாரம்: சுதந்திரத்துக்கு ஆதாரம் இல்லாமல் நடமாடும் கறுப்பர் ஓடிவந்த அடிமை என்று கருதப்படுவது எல்லா அடிமை மாநிலங்களிலும் உள்ள விதிதான், இங்கும் அதுதான். நியூயார்க் உறுப்பினர் கேட்டது அந்த விதியே சரியா என்பதைத்தான். விதி இருக்கிறது என்பதையே குழு பதிலாகக் கொடுத்தது.

சில மாதங்களில் வாஷிங்டன் நகர நிர்வாகம் விதிகளை இன்னும் இறுக்கியது. சுதந்திரக் கறுப்பர்கள் அந்த நகரில் குடியிருக்க நன்னடத்தைக்கென்று பிணை காட்ட வேண்டும். 1821இல் 20 டாலராக இருந்த அந்தப் பிணைத்தொகை 1827இல் 500 டாலர் ஆயிற்று. 1836இல் 1,000 டாலர். அதற்குச் சொத்து வைத்திருக்கும் ஐந்து பேர் ஜாமீன் நிற்க வேண்டும். 1835இல் வெள்ளைக்காரக் கும்பல் கறுப்பர்களின் கடைகளையும் பள்ளிகளையும் தேவாலயத்தையும் அடித்து நொறுக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த சட்டம் இது. அடிபட்டவர்கள் மேல்தான் பிணைத்தொகை ஏறியது.

1821ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வில்லியம் கோஸ்டின் என்பவர் கோர்ட்டுக்குப் போனார். வாஷிங்டன் வங்கியில் பணத்தையும் கடிதங்களையும் கொண்டு சேர்க்கும் வேலை பார்த்தவர். ஊரில் எல்லோரும் நம்பிய மனிதர். பிணை கட்ட மாட்டேன் என்று மறுத்தார். நீதிபதி கிரான்ச், சட்டம் வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களை இது கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தார். கோஸ்டினுக்கும் பழைய குடிகளுக்கும் அது பெரிய நிம்மதி. சட்டம் மட்டும் அப்படியே நின்றது, புதிதாக வருகிறவர்களுக்காக.

ஜூன் 13

சார்ல்ஸ்டன் மாலுமிகள் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நானே எழுதலாம் என்று இருந்தேன். இதில் பதிவு, சீட்டு எதுவும் கிடையாது. சீட்டு இருந்தாலும் சிறைதான்.

1822இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் டென்மார்க் வீசி என்பவர் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டி 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். வீசி சுதந்திரர். 1799இல் லாட்டரியில் 1,500 டாலர் விழுந்து, அதிலிருந்து 600 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கிக்கொண்டவர். இளமையில் கப்பலில் போனவர். அதனால் வெளியூரிலிருந்து வரும் கறுப்பு மாலுமிகள்தான் விடுதலைப் பேச்சைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வெள்ளைக்காரர்கள் முடிவு கட்டினார்கள். அந்த டிசம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது. கறுப்பு மாலுமியோடு வரும் எந்தக் கப்பலும் சார்ல்ஸ்டனில் நங்கூரம் போட்டதும் உள்ளூர்க் காவல் அதிகாரியான ஷெரீஃப் ஏறிவந்து அவர்களைச் சிறைக்குக் கொண்டு போவார். கப்பல் கிளம்பும்போது கேப்டன் சிறைச் செலவைக் கட்டி அழைத்துப் போக வேண்டும். கேப்டன் கட்டாமல் கிளம்பிவிட்டால் அந்த மாலுமி அடிமையாக விற்கப்படலாம்.

மறுபடியும் அதே சிறைச் செலவு. நான் இந்த இழையில் திரும்பத் திரும்ப இந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனிதரை அடிமையாக்க ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவர வேண்டியதில்லை. உள்ளே வைத்து, பில் போட்டு, கட்ட முடியாது என்று காட்டினால் போதும்.

1823இல் ஜமைக்காவைச் சேர்ந்த ஹென்றி எல்கிசன் என்ற மாலுமி இப்படி உள்ளே போனார். பிரிட்டிஷ் குடிமகன். வழக்கு நீதிபதி வில்லியம் ஜான்சன் முன்னால் வந்தது. அவர் உச்ச நீதிமன்றத்தைச் சேர்ந்தவர், சார்ல்ஸ்டன்காரர். அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று சொந்த ஊரின் கோபத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினார். ஆனால் மாநிலக் காவலில் உள்ளவரை ஆட்கொணர்வு மனு மூலம் வெளியே கொண்டுவரத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதினார். சட்டம் செல்லாது, ஆனால் நீ உள்ளேயே இரு. தென் கரோலினா அந்தத் தீர்ப்பைச் சட்டை செய்யவே இல்லை. தொடர்ந்து பிடித்தார்கள். ஜார்ஜியா, வட கரோலினா, ஃபுளோரிடா, அலபாமா, லூசியானா என்று மற்றக் கரையோர மாநிலங்களும் இதே மாதிரிச் சட்டம் போட்டுக்கொண்டன.

ஜூன் 13, பின்னிரவு

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மானுவல் பெரேரா. 1852. அவர் வேலை பார்த்த கப்பல் சார்ல்ஸ்டனுக்கு வரக் கிளம்பிய கப்பலே இல்லை. புயலில் சேதப்பட்டு ஒதுங்கிய கப்பல். உயிர் தப்பிக் கரைக்கு வந்தவரைச் சிறையில் வைத்தார்கள்.

ரூபன் ராபர்ட்ஸ். அதே 1852. பஹாமாவின் நாசோவைச் சேர்ந்தவர், கப்பலில் சமையல்காரர். அவர் விடுதலையான பிறகு ஷெரீஃப் மேலேயே வழக்குப் போட்டார். கப்பல் சமையல்காரர் ஒருவர், ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கு எதிராக. பிரிட்டிஷ் தூதர் பின்னால் இருந்தார் என்பது உண்மை. ஆனாலும் வழக்கு அவர் பெயரில்தான். 1853இல் தோற்றார். மாலுமிகளைக் கப்பலிலேயே இருக்க அனுமதிக்கலாம் என்று தென் கரோலினா இறங்கிவந்தது 1856இல்தான். அதுவும் நியாயத்துக்காக இல்லை, பிரிட்டனோடு வியாபாரம் கெடக்கூடாது என்பதற்காக.

பிரிட்டனாவது தன் குடிமக்களுக்காகக் கேட்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் தன் மாலுமிகளுக்காக 1844இல் சாமுவேல் ஹோர் என்ற வயதான வழக்கறிஞரைச் சார்ல்ஸ்டனுக்கு அனுப்பியது. மகள் எலிசபெத்தும் கூடப் போனார். வழக்குத் தொடுக்கத்தான் வந்தார், வேறெதற்கும் இல்லை. தென் கரோலினா சட்டமன்றம் அவரை வெளியேற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே கூட்டமாக வந்து கப்பலேறச் சொன்னார்கள். ஒரே நாட்டின் இன்னொரு மாநிலத்திலிருந்து வந்த வெள்ளைக்கார வழக்கறிஞருக்கே இந்தக் கதி. சிறைக்குள் இருந்த மாலுமிக்கு யார் வந்து வாதாடியிருக்க முடியும்?

ஜூன் 14

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "சரி அண்ணா, ஆனால் சீட்டு கையில் இருந்தவர்களாவது பத்திரமாக இருந்தார்களா?"

சாலமன் நார்த்தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் பிறந்த சுதந்திரர், வயலின் வாசிப்பவர். 1841இல் இரண்டு பேர் வேலை தருவதாகச் சொல்லி வாஷிங்டனுக்கு அழைத்து வந்தார்கள். அடிமைப் பகுதிக்குப் போகிறோமே என்று வழியில் நியூயார்க்கிலேயே சுதந்திரச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தார். வாஷிங்டனில் மயக்க மருந்து கொடுத்தார்கள். விழித்தபோது சங்கிலியில் இருந்தார், சீட்டு காணாமல் போயிருந்தது. நான் சுதந்திரர் என்று சொன்னதற்கு அடி விழுந்தது. 12 ஆண்டு லூசியானாவில் அடிமை. 1853இல் மீண்டுவந்து தன்னை விற்ற வியாபாரி மேல் வாஷிங்டனில் வழக்குப் போட்டபோது, கறுப்பர் என்பதால் அவரைச் சாட்சி சொல்லவே விடவில்லை.

சீட்டு என்பது காகிதம். யாரிடம் காட்டுகிறோமோ அவர் மதித்தால் உண்டு, பிடுங்கிக்கொண்டால் இல்லை.

ஜூன் 14, மாலை

அதே காகிதத்தை வேறு விதமாகவும் பயன்படுத்தினார்கள். அதைச் சொல்லாவிட்டால் இவர்கள் சும்மா அடிபட்டுக்கொண்டே இருந்தவர்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

பின்னாளில் அடிமை ஒழிப்புப் பேச்சாளராகப் புகழ்பெற்ற ஃபிரெட்ரிக் டக்ளஸ் 1838 செப்டம்பரில் பால்டிமோரிலிருந்து தப்பியது ஒரு சீட்டை வைத்துத்தான். சுதந்திரரான ஒரு மாலுமி நண்பர் தன்னுடைய மாலுமிச் சான்றைக் கொடுத்தார். மேலே அமெரிக்கக் கழுகு பெரிதாக அச்சடித்திருக்கும். ஆனால் அதில் எழுதியிருந்த அங்க அடையாளம் டக்ளஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. மாலுமி உடை போட்டுக்கொண்டு, ரயில் நகரத் தொடங்கியபோது ஏறினார். கண்டக்டர் கழுகைப் பார்த்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே படித்திருந்தால் டக்ளஸின் வாழ்க்கை அந்தப் பெட்டியிலேயே முடிந்திருக்கும்.

நான் நினைப்பது அந்த மாலுமியை. சீட்டைக் கொடுத்துவிட்டு அவர் பால்டிமோரில் வெறுங்கையோடு நின்றார். டக்ளஸ் பிடிபட்டால் இவரும் சிறைக்குப் போக வேண்டும். சுதந்திரர்கள் இப்படிச் சீட்டை இரவல் கொடுப்பதும், தப்பியவர் தபாலில் திருப்பி அனுப்புவதும் வழக்கமாகவே இருந்தது என்று டக்ளஸ் எழுதியிருக்கிறார். அரை அங்குலம் வரை அளந்து வடுவைத் தேடி எழுதியதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஜூன் 16

"இதெல்லாம் தெற்கில்தானே, வடக்கில் இல்லையே" என்பவருக்குச் சுருக்கமாக. ஒஹாயோ 1804இல் பதிவுச் சான்று கேட்டது, 1807இல் 500 டாலர் பிணை கேட்டது. இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1829இல் சின்சினாட்டி திடீரென்று அதை அமல்படுத்துவதாக அறிவித்தது. ஆகஸ்டில் கும்பலும் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டே போனார்கள். ஒரு பகுதியினர் கனடாவில் வில்பர்ஃபோர்ஸ் என்ற குடியிருப்பை அமைத்தார்கள்.

இல்லினாய் 1853இல் இன்னும் மோசமாகப் போனது. வெளியிலிருந்து வரும் கறுப்பர் பத்து நாளுக்கு மேல் தங்கினால் 50 டாலர் அபராதம். கட்ட முடியாவிட்டால் ஏலம். அபராதத்தைக் கட்டி மிகக் குறைந்த காலம் வேலை வாங்கச் சம்மதிப்பவருக்கு அவர் உழைப்பு போகும். அடிமை முறை இல்லாத மாநிலம் இது. லிங்கனின் மாநிலம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல்கூட அந்த மாநில உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது. ஜான் ஜோன்ஸ் என்ற சிகாகோ தையற்காரர், கறுப்பர், ஆண்டுக்கணக்கில் போராடியபின் 1865இல்தான் நீக்கினார்கள்.

ஜூன் 17

சின்சினாட்டி பற்றி எழுதிய பிறகு ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இருபது ஆண்டுகள் தூங்கிய சட்டம். வர்ஜீனியாவிலும் இதே கதைதான். பல கிராமங்களில் நிறையப் பேர் பதியவே இல்லை. ஷெரீஃபுக்குத் தெரியும், கிளார்க்குக்குத் தெரியும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கும் தெரியும். அந்தக் கறுப்பர் நல்ல கொல்லர், நல்ல படகோட்டி, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வேலித் தகராறு வரும். கூலி பாக்கியைக் கேட்டுவிடுவார். அன்றைக்குச் சட்டம் ஞாபகம் வரும்.

அதனால் இந்தச் சட்டம் கடுமையாக இருந்ததா, தளர்வாக இருந்ததா என்ற வாதமே எனக்குச் சரியாகப் படவில்லை. தளர்வுதான் அதன் பலம். எல்லோரையும் சிறையில் போட வேண்டியதில்லை. எல்லோரையும் எந்த நிமிடமும் போடலாம் என்ற நிலையில் வைத்திருந்தால் போதும். 1860இல் அடிமை மாநிலங்களில் மட்டும் சுதந்திரக் கறுப்பர்கள் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். அத்தனை பேரும் கூலி பாக்கியைக் கேட்பதற்கு முன் ஒருமுறை யோசித்திருப்பார்கள்.

வர்ஜீனியாவில் இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி, விடுதலை பெற்ற அடிமை 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டே போய்விட வேண்டும். தங்கினால் பிடித்து விற்கலாம். கணவன் விடுதலை பெறுகிறான், மனைவியும் பிள்ளைகளும் இன்னும் அடிமைகள். போனால் அவர்களை இனிப் பார்க்க முடியாது. இருந்தால் பதிவுக்குப் போக முடியாது, போனால் மாட்டிக்கொள்வான். பதியாதவர்கள் மேல் தப்பு இருக்கிறதா என்று கேட்டீர்களே தம்பி, இப்படிப் பதியாமல் இருந்த ஒருவர் மேல் என்ன தப்பு சொல்வீர்கள்?

ஜூன் 17, இரவு

இங்கே சிலர், வெளிநாட்டில் இருக்கும் நமக்கும் விசா, பாஸ்போர்ட் என்று சீட்டு கேட்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்று என்று எழுதுகிறார்கள். எனக்கும் அனுபவம் உண்டு. ஒருமுறை ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில், கையில் நீட்டிப்புக் கடிதம் இருந்தும் கவுன்டரில் இருந்தவர் அதைப் படிக்கவே மறுத்துவிட்டார். எல்லோர் முன்னாலும் நின்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. உடம்பு கூசிப்போயிற்று. அன்றைய உணர்வு இல்லாமல் இந்தப் பதிவேடுகளை நான் இப்படிப் படித்திருக்க மாட்டேன் என்பது உண்மை.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எனக்குப் பின்னால் ஒரு நாடும் அதன் தூதரகமும் இருந்தன. மிஞ்சிப்போனால் ஊருக்குத் திரும்பியிருப்பேன். அவர்கள் பிறந்த ஊரே அதுதான். அங்கேதான் அந்நியர் என்று எழுதினார்கள்.

ஜூன் 19

டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலை கேட்டு நடத்திய வழக்கின் தீர்ப்பைப் பற்றிக் கேட்டவருக்கு. 1857 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜர் டானி, கறுப்பர் யாரும், சுதந்திரராக இருந்தாலும், அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று எழுதினார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றை இந்த இழையைப் படித்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால், அவர்கள் சீட்டோ அனுமதியோ இல்லாமல், எந்த மாநிலத்துக்குள்ளும், பகலிலும் இரவிலும், தடையின்றிப் போகலாமே என்றார். அது நடந்துவிடக் கூடாது என்பதே அவர் வாதம்.

இதே டானி 1832இல் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது, சார்ல்ஸ்டன் மாலுமிச் சட்டம் செல்லும் என்று கருத்து எழுதிக் கொடுத்தவர். அந்தச் சிறைக்கு அன்று எழுதிய நியாயம் 25 ஆண்டு கழித்து நாட்டுக்கே தீர்ப்பாக வந்தது. ஹார்ட்டனையும் எல்கிசனையும் சின்ன வழக்குகள் என்று ஒதுக்கினால் டிரெட் ஸ்காட் எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

ஜூன் 20

போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி புதுச் சட்டம் போட்டது. அடுத்த ஜனவரிக்குள் ஒவ்வொரு கறுப்பரும் தனக்கு வீடோ வேலையோ உண்டு என்பதற்கு எழுத்து ஆதாரம் வைத்திருக்க வேண்டும். சும்மா திரிபவர் என்று பிடித்தால் அபராதம். கட்டாவிட்டால், கட்டுகிறவருக்கு வேலை செய்ய வேண்டும். ஏற்கெனவே அவரை வேலைக்கு வைத்திருந்த முதலாளி இருந்தால் அவருக்கே அதில் முன்னுரிமை. மார்ஷலின் 1826 விளம்பரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1868இல் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் பிறப்பாலேயே குடியுரிமை என்று எழுதியதற்கு டிரெட் ஸ்காட் தீர்ப்பும் இது போன்ற சட்டங்களும் காரணம்.

ஜூன் 22

தேடிப் படிக்க வழி கேட்டவர்களுக்கு: கார்னெல் பல்கலைக்கழகம், ஓடிய அடிமைகளைப் பற்றிய பழைய பத்திரிகை விளம்பரங்களைத் திரட்டி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் முதலாளிகள் கொடுத்தவை ஒரு வகை, சிறைக்காரர்கள் கொடுத்தவை இன்னொரு வகை. இரண்டாவதைத் தனியாக எடுத்துப் பாருங்கள். "தான் சுதந்திரர் என்று சொல்கிறார்" என்ற வரி எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்று கவனியுங்கள். பல விளம்பரங்களில் அப்பா பெயர், பிறந்த ஊர், யாரிடம் விசாரிக்கலாம் என்பது வரை அவரே சொன்னது இருக்கும். சிறைக்காரர் அதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் விசாரிக்க ஆள் அனுப்பவில்லை.

மேரிலாந்து விளம்பரங்களை எடுத்து வைத்திருக்கிறேன். படித்து முடித்ததும் இதே இழையில் போடுகிறேன். பால்டிமோர் சிறை பற்றி யாரிடமாவது நல்ல தகவல் இருந்தால் சொல்லுங்கள்.